ஏல விதையும் கேலக்ஸிக் கூட்டமும்

செப். 7, 1983, புதன்
காலையிலிருந்து சாரல். மலை கண்ணுக்கே தெரியவில்லை. காமாலை இறங்கிவிட்டது. கீழாநெல்லி, மோர், அம்மாவின் "சும்மா கெட", மூன்றும் அலுத்துவிட்டன.

சுவரில் என் கேலக்ஸி வரைபடம். ஒளி எவ்வளவு சிவந்திருக்கிறதோ அவ்வளவு தூரம் என்று வைத்து, மூன்று வருடமாகக் குத்திய புள்ளிகள். அவை கூட்டம் கூட்டமாக இருக்கின்றன என்பதுதான் என் மாடல். நிரூபிக்க வேண்டும்: ஓர் அங்குலத்துக்குள் நெருங்கியிருக்கும் புள்ளி ஜோடிகள் எத்தனை? கண்டபடி இறைத்த அதே அளவு புள்ளிகளில் எத்தனை? முன்னது மிஞ்சினால் ஜெயம். அப்படி இறைத்துத் தரும் கம்ப்யூட்டர் பெங்களூர் ஆராய்ச்சிக்கூடத்தில், நான் ஊரில். சனியன்.

அண்ணன் தோட்டத்திலிருந்து பச்சை ஏலக்காய். உரித்து, கேலக்ஸிப் புள்ளிகள் அளவுக்கே எண்ணி, விதைகளைத் தாளில் இறைத்தேன். விழுந்த இடமெல்லாம் பென்சில் புள்ளி. கையெல்லாம் மணம்!

8, வியாழன்
கேலக்ஸித் தாள், விதைத் தாள், இரண்டிலும் ஏறத்தாழ ஒரே ஜோடி எண்ணிக்கை. மறுபடி எண்ணினேன். அதேதான். கண்ணுக்குக் கூட்டம் தெரிகிறது, கணக்கில் இல்லை. அழுதேன்.

பேராசிரியருக்குக் கடிதம்: கூட்டம் இல்லை, மாடல் தவறு, ஆராய்ச்சியை விடுகிறேன். அண்ணன் தபாலில் போட்டுவிட்டான். அப்பாவுக்கு உள்ளூரச் சந்தோஷம். "இங்கனயே டீச்சர் வேல காலியா இருக்காம் தாயி."

9, வெள்ளி
மதினி வந்தாள். அண்ணன் மனைவி, ஏலத்தோட்டத்திலேயே வளர்ந்தவள். விதைத் தாளைப் பார்த்தாள். "என்ன தாயி, புள்ளியெல்லாம் ரெண்டு ரெண்டா, மூணு மூணா கெடக்கு?"

இறைத்த கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "அட கூறுகெட்டவளே! பச்ச வெத ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிரும்ல. நாத்துப் பாவுறப்ப அலசி, சாம்பல்ல பெரட்டி, காயவச்சுத்தான தூவுவோம்."

ஐயோ! இறைத்த தாளே கூட்டமாகக் கிடந்தால் கேலக்ஸி எங்கே மிஞ்சும்? ஏலக்காய் வீட்டில் பிறந்தவளுக்கு இது தெரியவில்லை. வெட்கம்.

அலசல், சாம்பல், மின்விசிறிக்கடியில் காயவைத்தல். மாலை மதினியே தூவினாள். ஆளுக்குப் பாதி எண்ணினோம். கேலக்ஸித் தாளில் மூன்று மடங்கு ஜோடி. மூன்று மடங்கு! மதினியைக் கட்டிக்கொண்டு குதித்தேன். அம்மா அடுப்படியிலிருந்து: "காமால தலைக்கு ஏறிருச்சா?"

அப்புறம்தான் உறைத்தது. கடிதம்!

10, சனி
தபால் பை வியாழனே போய்விட்டதாம். தந்திதான் வழி. எழுதிக் கொடுத்தேன்: "கடிதத்தை நம்ப வேண்டாம். கூட்டம் உண்டு. கூட்டம் உண்டு. திங்கள் வருகிறேன்."

குமாஸ்தா கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "ரெண்டு தடவ எழுதிட்டியேம்மா. வார்த்தைக்கு வார்த்தை காசு. ஒண்ண அடிச்சிரவா?"

"வேணாம்ண்ணே. ரெண்டும் போகட்டும்."