அம்மா மாவில் போட்ட நாலு பக்கம்

என் மகள் பெகாயிமுக்கு, ஏழு மலைகளும் எழுந்து நின்று சலாம் வைக்கும் உன் அப்பா எழுதுவது. குதிரைகள் சுகம், ஆடுகள் சுகம், நாய்கூடச் சுகம், அந்த வரிசையில் கடைசியாக நானும் சுகம். மாஸ்கோவில் நீயும் உன் தையல் மிஷினும் சுகமா? இந்த மேய்ச்சல் மேட்டில் போன் சிக்னல் கிடைப்பதில்லை, அதனால் பால் லாரிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மாவுக்கு வலது கையும் பேச்சும் இன்னும் திரும்பவில்லை. உன் தங்கை சிர்கா தட்டில் மாவைப் பரப்பி வைக்கிறாள், அம்மா வேண்டியதை இடது கை விரலால் அதில் வரைந்து காட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமை சிர்காவுக்குக் கல்யாணம். அதற்குள் பெண் வீட்டு வெள்ளைக் கூடாரம் நின்றாக வேண்டும், இல்லாவிட்டால் சம்பந்திகள் பேரன் காலம்வரை சொல்லிக் காட்டுவார்கள். கட்டுவது எப்போதும் அம்மாதான், நான் கூரையின் உச்சி வளையத்தைத் தாங்கிக்கொண்டு பெருமையடிக்கிறவன். இந்த முறை நானே தளபதி. சம்பந்திகள் குதிரையோடு நுழைந்து உள்ளேயே பந்தயம் விடட்டும் என்று குறுக்கும் மறுக்குமாகக் குச்சி கோத்த பின்னல் சுவரை அகல இழுத்தேன், சீன எல்லைக் காவலர் தும்முவது காதில் விழும்வரை இழுத்தேன்.

வாசலில் படுத்திருந்த அம்மா மாவில் நாலு பக்கம் போட்டாள். சதுரம் என்று தலையணை கொடுத்தேன். மறுபடி போட்டாள், செவ்வகம் என்று கதவைத் தூக்கி வந்தேன். அடுத்தது சாய்ந்திருந்தது, இணைகரம் என்று நீ படிக்கும்போது சொல்வாயே, அதுதான், கதவு நிலை சாய்ந்துவிட்டது போலும் என்று ஓடி நிமிர்த்தினேன். மேலே அகன்று கீழே குறுகியதாக ஒன்று, சரிவகம் என்று பால் வாளியை நீட்டினேன். பக்கத்துக் கூடாரத்துக் குல்சுன், "ஏண்ணே, நாலு பக்கம் உள்ளதையெல்லாம் கொண்டாந்துட்டீங்க, கோச்கோர் ஊர்ச் சந்தையோட இரும்புக் கேட்டு ஒண்ணுதான் பாக்கி" என்றாள். கூரைக் கம்புகள் சுவரிலிருந்து வளையத்துக்கு எட்டாமல் வளையம் என் தோளில் இறங்கியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் படுத்த வாக்கில் ஒரு சாய்சதுரம் போட்டாள், அழித்தாள், அதையே நிமிர்த்திப் போட்டாள். சிர்காதான் கத்தினாள், "அப்பா, பின்னல் கண்ணைத்தான் சொல்றாங்க! இழுத்து இழுத்து எல்லாத்தையும் படுக்க வெச்சுட்டீங்க, செவுரு குட்டையாப் போச்சு!" என்று. சுருக்கினோம், சுவர் எழுந்தது, கம்புகள் எட்டின, கூடாரம் நிற்கிறது.

ஆனாலும் மகளே, அம்மா தட்டை விடவில்லை. மூன்று பக்கம் போடுகிறாள், நிறுத்துகிறாள், என்னைப் பார்க்கிறாள். விரல் ஓய்ந்துவிட்டதா, இல்லை நம் நாலு பேரில் இங்கே இல்லாத நாலாவது நீயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீதான் என்று அவள் தலையாட்டிவிட்டால் என்ன செய்வேன்? உனக்கு லீவு தருகிறவன் நானா?

உன் வழியில் பனி உருகட்டும், உன் அடுப்பு அணையாமல் இருக்கட்டும். குளிருக்கு முன் உனக்கென்று ஒரு கம்பளிக் கோட்டு தைத்துக்கொள், ஊருக்கெல்லாம் தைக்கிறாயே. லீவு கேட்டுப் பார். கிடைக்காவிட்டால் அதை என்னிடம் மட்டும் சொல்.

மலைகளுக்கெல்லாம் மன்னன், ஒரு மாவுத் தட்டுக்குப் பதில் தெரியாதவன்,
உன் அப்பா தொக்தோசுன்