கொய்னா கொடுத்தவனுக்கு

வீட்டுக்குப் பின்னால் சாக்கடையில் எண்ணெய் அடிக்கிறார்கள். கொசு முட்டைகள் சாவதற்காக அடிக்கும் எண்ணெய். பிரிக்பீல்ட்ஸில் மற்றவர்களுக்கு இது வெறும் நாற்றம், மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விடுவார்கள். எனக்கு அப்படியில்லை. காப்பாரில் நீ வேலை பார்த்த தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலில் இதே நாற்றம்தான் அடித்தது. சன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே பாக்கியம் காய்ச்சலில் படுத்திருக்கிறாள்.

உனக்கு அவளைத் தெரியாது. நீ போன மறு வருடம்தான் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. காப்பாரில் இருக்கும் அவளுடைய அக்காளுக்குப் பிரசவம் என்று ஒரு மாதம் போயிருந்தாள். காப்பார் என்ற பெயரைக் கேட்டதுமே வேண்டாம் என்று தலைகீழாக நின்று பார்த்தேன். “உங்களுக்கு எதுக்குத்தான் பயமில்ல? அதை மொதல்ல சொல்லுங்க” என்றாள். போனாள், காய்ச்சலோடு திரும்பி வந்திருக்கிறாள்.

என் பயம் உனக்குப் புதிதா? பள்ளிக்கூடம் விட்டதும் நீ கிள்ளான் ஆற்றுக்கு மேலே ரயில் பாலத்தில் கையை விரித்துக்கொண்டு நடப்பாய். நான் கரையில் உன் புத்தகங்களையும் என் புத்தகங்களையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ரயில் வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்து நிற்பேன். “டேய் பயந்தாங்கொள்ளி, நீ ரயில்வேயில சேராதடா, இஞ்சின் ஊதுனா செத்துருவ” என்பாய். கடைசியில் நான்தான் ரயில்வேயில் கிராணியானேன். கூட்ஸ் செட்டில் உட்கார்ந்து மூட்டைகளுக்குச் சீட்டு எழுதும் வேலை, இஞ்சினுக்குக் கிட்டப் போகவே தேவையில்லை. ரயில்வேக்காரர் மகனான நீயோ, மருந்துப் படிப்புப் படித்து ரப்பர் தோட்டத்துக்கு டிரெஸ்ஸராகப் போனாய்.

உன்னைப் பார்க்க ஒருமுறை கிள்ளானில் ரயிலிறங்கி, மாட்டு வண்டியில் குலுங்கி வந்து சேர்ந்தேன். மறுநாள் விடிந்தும் விடியாத நேரத்தில் பெரட்டுக்கு என்னையும் அழைத்துப் போனாய். பால்வெட்டுக்குக் கிளம்பும் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் இடம் அது. நீ ஒரு கூஜாவும் கோப்பையுமாக நின்றாய். ஒவ்வொருவரும் மலேரியாக் காய்ச்சலைத் தடுக்கும் கொய்னா மருந்தைக் குடித்துவிட்டுத் தன் பெயரை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும் என்பது உன் சட்டம். வாயில் அடக்கி வைத்திருந்து மரத்தடியில் துப்புகிறவர்களைப் பிடிக்க நீயே கண்டுபிடித்த தந்திரம். ஒருவன் கன்னத்தை உப்பிக்கொண்டு “ம்முனியம்” என்றான். “முனியாண்டி, பாதிப் பேருதான் வந்திருக்கு. மீதியையும் முழுங்கிட்டுச் சொல்லு” என்றாய். வரிசையே சிரித்தது. பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

எல்லாரும் போன பிறகு கோப்பையில் உன் பங்கை ஊற்றினாய். ஒரு வாய் குடித்தாய், மீதியைச் செம்பருத்திச் செடிக்குக் கொட்டினாய்.

“ஏண்டா கொட்டுற?”

“நெதம் குடிச்சா காது ரெண்டும் கூவுதுடா. நெஞ்சுல கொழாய வச்சா ஒண்ணும் கேக்க மாட்டேங்குது. பச்சப் புள்ளைங்களுக்குச் சளி கட்டியிருக்கான்னு நான் எப்படிப் பாக்குறது? காய்ச்சல் வந்தா சேத்துக் குடிச்சுக்கலாம்.”

நல்ல காரணம்தான். நானும் தலையாட்டினேன். ஊர் வாயையெல்லாம் திறந்து பார்த்த உன்னிடம் பெயரைச் சொல் என்று கேட்க அந்தத் தோட்டத்தில் யாரும் இல்லை.

நீ சொன்னபடியே காய்ச்சல் வந்தது. நீ சொன்னபடியே சேர்த்துக் குடித்தாய். சேதி கேட்டு நான் மறுபடி வந்தபோது ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடு ஒரு நோயாளியாகப் படுத்திருந்தாய். சிறுநீரைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து, நீயே வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாய். “பாத்தியா, நல்ல நிறம். மூஞ்சிய ஏன்டா அப்படி வச்சிருக்க?” என்று என்னைக் கிண்டல் செய்தாய். மறுநாள் காலையில் அதே புட்டியில் பால் விடாத கோப்பி மாதிரி இருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. உனக்குப் புரிந்துவிட்டது. படித்தவன் அல்லவா? புட்டியைக் கீழே வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாய். “கிட்ட உக்காருடா. எனக்குப் பயமா இருக்குடா” என்றாய். அத்தனை வருடத்தில் உன் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. அந்த வாரமே உன்னை அடக்கம் செய்தோம்.

இன்று காலையில் வந்த டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமான மனிதர். கொய்னாவைக் கொடுத்துவிட்டுப் பாக்கியத்திடம், “முந்தியும் இது குடிச்சனீங்களோ?” என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: “அக்கா வீட்டுல குடுத்தாங்க. கசப்பு தாங்கல. ஒரு நாள் குடிப்பேன், ரெண்டு நாள் விட்ருவேன்.”

டாக்டரை வாசலுக்கு அழைத்துப் போய் உன் கதையைச் சொன்னேன். “விட்டு விட்டுக் குடிக்கிறதுதான் ஆபத்து, ரத்தம் உடைஞ்சு மூத்திரத்தில கறுப்பாப் போகும். எண்டாலும் இப்ப குடிக்காட்டி காய்ச்சலே ஆளைக் கொண்டு போயிடும். குடிக்கத்தான் வேணும். மூத்திரத்தின்ர நிறத்தைப் பாருங்கோ. கறுத்தால் உடனே எனக்கு ஆள் அனுப்புங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார்.

குடித்தாலும் பயம், குடிக்காவிட்டாலும் பயம். கோப்பையில் ஊற்றி அவளிடம் கொடுத்தேன். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாயில் ஊற்றினாள், உன் சட்டம் எனக்கு நினைவு வந்தது. “பேரைச் சொல்லு” என்றேன்.

அவள் விழுங்கிவிட்டு, “யாரு பேர? உங்க பேரயா? அதுக்கு இன்னொரு கோப்பை குடிச்சிரலாம்” என்றாள். காய்ச்சலிலும் அவளுக்கு வாய் குறையவில்லை. நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கொல்லைப்புறம் போய் முகத்தைக் கழுவினேன், அழுதது தெரியக் கூடாது என்று.

சற்று முன் அவள் கூப்பிட்டாள். எனாமல் சட்டியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்தேன். வெளிர் மஞ்சள்.

“எப்படிங்க இருக்கு?” என்று உள்ளிருந்து கேட்டாள்.

“நல்ல நிறம்” என்றேன்.

“பயம் போச்சா?”

“போச்சு.”

அதை நம்பித் தூங்கிவிட்டாள். எனக்கு எப்படிப் போகும்? உனக்கும் முதல் நாள் நல்ல நிறம்தானே!

உன் ஞாபகமாக என்னிடம் ஒரு படம்கூட இல்லை. நீ என் மணிக்கட்டைப் பிடித்துச் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் இருக்கிறது. இத்தனை வருடமாக அதை யாரிடமும் சொன்னதில்லை, தைரியசாலி என்ற உன் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று. இன்று அதை உன்னிடமே சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறதடா. நாளைக் காலையில் மறுபடியும் நான் அந்தச் சட்டியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். தனியாகப் பார்க்க என்னால் முடியாது. நீ கூட இரு.