தலைகீழாக நிற்கிற வண்டு

கார்ல்ஸ்ரூஹே
12.03.2006

அன்பு மகள் தக்சாயினிக்கு அம்மா எழுதுவது,

இங்கே நானும் அப்பாவும் தம்பியும் சுகம். உன் சுகம் அறியலாம் என்று ஆவலோடு கடிதத்தை உடைத்தால் உள்ளே ஒரு வண்டின் சுகம் இரண்டு பக்கத்துக்கு இருக்கிறது. விடிய எழும்பி மணல்மேட்டில் ஏறித் தலைகீழாக நிற்கிறதாம், முதுகில் படுகிற பனிமூட்டம் துளியாகி வாய்க்குள் வழிகிறதாம், அந்தப் பாலைவனத்தில் அது தண்ணீர் குடிக்கிற விதம் அதுதானாம். நல்லது, வண்டு குடித்துவிட்டது. நீ சாப்பிட்டாயா, போன மாதம் பிடித்த இருமல் விட்டதா, அதற்கு ஒரு வரி இல்லை. பெற்றவளுக்கு வண்டுக்குப் பிறகுதான் இடம் என்று எடுத்துக்கொண்டேன்.

நமீபியாவில் ஒரு பூங்காவுக்குப் பன்னிரண்டு விளக்கப் பலகைகளில் மிருகங்களைப் படமாகக் கீறிக் கொடுத்துவிட்டு ஆறு மாதத்துக்குள் வந்துவிடுவேன் என்றுதானே ஒக்டோபரில் விமானம் ஏறினாய். இப்போது ஐந்து பலகைதான் முடிந்தது, பனிமூட்டம் நாங்கள் நினைத்த நாளில் வராது, செப்ரெம்பர் வரை நிற்கவேண்டும் என்கிறாய். போட்டோ எடுத்து ஒட்டினால் ஒரு கிழமை வேலை என்கிறான் தம்பி வினோஜன். வண்டின் கால் மயிர் போட்டோவில் சரியாக விழாது என்று அவனுக்கு ரெலிபோனில் வகுப்பு எடுத்தாயாம். கோயிலில் நாகமுத்து அண்ணை கண்டால் விடமாட்டார். மகள் படம் கீறுறதெண்டால் இங்க கீற ஏலாதோ, இங்க வண்டு இல்லையோ என்று கேட்கிறார். எனக்கும் அதே கேள்விதான்.

உன் கையில் இருப்பது இலங்கைப் பாஸ்போட், அதில் யேர்மன் நிரந்தர விசா. ஆறு மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே நின்றால் அந்த விசா தானாகச் செத்துப்போகும் என்று உனக்குத் தெரியாததா? பிரசாவுரிமைக்கு எழுதிக் கொடு என்று உனக்குப் பதினெட்டு வயதானதில் இருந்து கத்துகிறேன். பரீட்சை முடியட்டும் என்றாய், பிறகு கண்காட்சி முடியட்டும் என்றாய். ஏப்ரல் நடுப்பகுதியோடு ஆறு மாதம் சரி. நீ அதைப்பற்றிக் கவலைப்படாமல், கூடுதல் தவணை கேட்கிற அன்ட்ராக் விண்ணப்பம், உனக்காக நான் போய்க் கதைக்கலாம் என்று கையெழுத்து வைத்த கடிதம், பூங்காக்காரரின் கடிதம், அதோடு அந்த வண்டுப் படமும், எல்லாவற்றையும் ஒரே உறைக்குள் போட்டு அம்மா பார்த்துக்கொள்வா என்று அனுப்பிவிட்டாய்.

அம்மா பார்த்துக்கொண்ட விதத்தையும் கேள். அந்த உறையை மூன்று கிழமை மேசை லாச்சிக்குள் பூட்டாத குறையாக வைத்திருந்தேன். கொடுக்காவிட்டால் பிள்ளை ஏப்ரலுக்குள் வந்துதானே ஆகவேண்டும். அப்பா தலையிடி மாத்திரை தேடப் போய் அதைக் கண்டுவிட்டார். ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன். அந்த மனிசன் உறையை எடுத்து என் கைப்பைக்குள் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் நம்பர் எடுத்தேன், முழங்கால் நோவோடு பத்தரை வரை இருந்தேன். உள்ளே இருந்த பெண் பேப்பர்களைப் புரட்டிவிட்டு, நிமிர்ந்தும் பாராமல், உன் மகள் அங்கே அப்படி என்னதான் செய்கிறாள் என்று கேட்டாள். எனக்கும் உன்மேல் இருந்த எரிச்சலில் படத்தை எடுத்து நீட்டினேன். அவள் அது தலைகீழாக இருக்கிறது என்று திருப்பிப் பிடித்தாள். நான் வாங்கித் திரும்பவும் தலைகீழாக்கிக் கொடுத்து, இல்லை, இது இப்படித்தான் நிற்கும் என்றேன். பிறகு பனிமூட்டம், மணல்மேடு, முதுகு, துளி எல்லாம் சொன்னேன். அவள் பக்கத்து மேசைக்காரனையும் கூப்பிட்டுக் காட்டினாள். பத்தொன்பது வருடமாக அந்தக் கட்டிடத்துக்குப் போகிறேன். எப்போது வந்தாய், ஏன் வந்தாய், எப்போது திரும்பிப் போவாய், இதைத்தான் கேட்டிருக்கிறார்கள், ஒவ்வொரு தரமும் பயத்தில் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். அன்றைக்கு என் உடைந்த டொச் பாஷையில் கால்மணி நேரம் கதைத்தேன். பயமே வரவில்லை.

வெள்ளிக்கிழமை தபாலில் பதில் வந்தது. செப்ரெம்பர் முப்பது வரை நிற்கலாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு, மறுத்துவிட்டார்கள் என்று உனக்கு எழுதினால் என்ன என்று யோசித்தேன். உன் கட்டிலுக்குப் புது விரிப்பும் போட்டாயிற்று. எனக்கு உன்னைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். ஆனால் வண்டை அவ்வளவு பெருமையாகக் காட்டிப்போட்டு அந்தப் பொய்யை எழுதக் கை வரவில்லை.

மூலக் கடிதத்தை இதற்குள் வைத்திருக்கிறேன், பாஸ்போட்டோடு வைத்துக்கொள், விமான நிலையத்தில் கேட்பார்கள். சப்பாத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுக் காலை விடு, அங்கே தேள் இருக்குமாம். தொப்பி இல்லாமல் வெயிலில் நிற்காதே. முருகன் உனக்குத் துணை நிற்கட்டும். மிச்சம் ஏழு பலகையையும் குறைவில்லாமல் கீறி முடி. ஆனால் செப்ரெம்பர் முப்பது என்றால் முப்பதுதான். ஒரு நாள் பிந்தினாலும் அந்தப் பெண்ணுக்கு முன்னால் போய்ச் சொல்ல என்னிடம் வேறு வண்டு இல்லை.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் இன்னும் ஆறாத அம்மா,
மகாதேவி