இருமல் மருந்து

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். அங்கே நீயும் உன் மனைவியும் நன்றாக இருக்க வேண்டும் என்பதே என் நினைப்பு. இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் மகள் என் பக்கத்திலேயே நிற்பாள். நீயும் என்னை ஒரு வாக்கியம் முடிக்க விடமாட்டாய். அவளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு எழுத உட்கார்ந்தேன். இரண்டு தடவை எழுதிக் கிழித்தாயிற்று. நடுவில் எழுந்துபோய், துடைத்த மேசையையே மறுபடி துடைத்துவிட்டு வந்தேன்.

பயப்படாதே, உன் வாலுவின் உடம்புக்கு ஒன்றுமில்லை. கிடுகிடுவென்று வளர்கிறாள். பள்ளிப் பாவாடை முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டது.

போன மாதம் அவளுடைய தோழிகள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பேச்சில் ஒரு பெண்ணின் பேர் வந்ததும் எல்லாரும் ஒன்றாக இருமினார்கள். நான் பதறிப்போய், வரிசையாக நிற்கவைத்து ஆளுக்கு ஒரு ஸ்பூன் இருமல் மருந்து ஊற்றினேன். சமர்த்தாகக் குடித்தார்கள். நான் திரும்பியதும் ஒரே சிரிப்பு. இத்தனை வருஷம் டீச்சராக வகுப்பில் நின்றவளுக்கு அது சளி இல்லை என்று உறைக்கவில்லை பார்.

செவ்வாய்க்கிழமை, பாவாடையை இறக்கித் தைக்கத் தெருமுனைத் தையற்காரம்மாவிடம் இவளையும் கூட்டிப்போனேன். மெஷினுக்குப் பின்னால் இவள் வயதுப் பெண் ஒருத்தி பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் ஊசியைத் துணியிலேயே குத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். “என் பொண்ணுதாங்க. ஸ்கூலுக்குப் போகமாட்டேங்கிறா” என்றார் அந்த அம்மா. பெண் வகுப்புக்கு வரவில்லை என்று பள்ளியிலிருந்து செய்தி வந்துகொண்டே இருந்ததாம். எங்கே சுற்றினாய் என்று கையும் நீட்டிவிட்டாராம். பெண்ணோ, வகுப்பில்தான் இருந்தேன் என்று அழுதிருக்கிறாள். இருந்துதான் இருக்கிறாள். குனிந்தபடியே பேர் கூப்பிடும் ஆசிரியைக்கு அவள் பதில் சொல்வதில்லை. வாயைத் திறந்தால் வகுப்பே இருமுகிறது. ஆசிரியை சளி பரவுவதாக நினைத்து ஜன்னல்களைத் திறந்துவைக்கச் சொன்னாராம்.

நம் வாலு என் கையை விட்டுவிட்டுத் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். மறைக்கவில்லை. ஆரம்பித்து வைத்தவள் இவள்தான். பள்ளி திறந்த புதிதில் அந்தப் பெண் நெஞ்சுச் சளியோடு வந்திருக்கிறாள். இவள் அதே மாதிரி இருமிக் காட்ட, எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். “இருமத்தானே செஞ்சோம் அத்தை. யாரும் அவளை அடிக்கலையே” என்றாள். சமாளிப்பதற்காகச் சொல்லவில்லை தம்பி. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறாள். அதுதான் என்னை ஓரிடத்தில் உட்காரவிடவில்லை.

நடக்கப் பழகும் குழந்தை விழும்போது நாம் சிரித்துக் கைதட்டினால், அது நடப்பதை விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப விழுந்து காட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போனில் இருமிக் காட்டினாளே, ஞாபகம் இருக்கிறதா? விழுந்து விழுந்து சிரித்தாய். “இன்னொரு வாட்டி செய்டா கண்ணு” என்றாய். அதற்கு முந்தின வாரம் அவள் பரீட்சையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தபோது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று போனை வைத்துவிட்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை. நாள் முழுக்க நின்று உழைக்கிறவனுக்கு ஒரு சிரிப்பாவது வேண்டாமா? அப்பா போனை வைக்காமல் இருக்க அவளும் ஒரு வழி கண்டுபிடித்தாள், அவ்வளவுதான்.

நேற்று அவளை அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டாள். அந்தப் பெண் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாளைக்குப் பள்ளிக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னாள். அந்த நாள்தான் இன்று. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மாலை.

இப்போதுதான் வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை. “நான் இருமல அத்தை. மத்தவங்க இருமினாங்க. நிறுத்துங்கடின்னு சொன்னேன். அப்புறம் என்னைப் பார்த்தும் இருமினாங்க” என்றாள். பேர் கூப்பிட்டபோது அந்தப் பெண் பதில் சொன்னாளா என்று கேட்டேன். சொன்னாளாம், மெதுவாக.

நாளைக் காலையில் ஆசிரியையைப் பார்க்கப் போகிறேன். என்ன பேசுவது என்று இன்னும் பிடிபடவில்லை. உள்ளே நம் வாலு சத்தமில்லாமல் இருக்கிறாள். இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டேன்.

இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்த பிறகு நீ கூப்பிடும்போது, உன்னைச் சிரிக்கவைக்க அவளிடம் ஒன்றும் இருக்காது. பேசாமல்கூட இருப்பாள். அப்போதும் போனை வைத்துவிடாதே.

குழந்தை நன்றாக இருக்கட்டும். அந்தக் குழந்தையும்.

என்றும் ஆசிகளுடன்,
அக்கா