இடப்பக்கத்து மணல் மூட்டை

அன்புக்குரிய நசார் நானா,

ஆறு திறந்துவிட்டது. ஆற்றோரப் பூங்கா வாசலில் ஒட்டியிருக்கும் அறிவித்தலை நேரில் பார்த்தேன்; அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தும் உறுதிப்படுத்திக்கொண்டேன். மழையில் சாய்ந்து தண்ணீரை மறித்த மரங்களை எடுத்துவிட்டார்கள். இந்தக் கோடைக்கு உங்கள் ரப்பர் படகுகள் மறுபடியும் இறங்கலாம்.

இதை முதலில் யாரிடம் சொல்வது என்று யோசித்தபோது கை உங்கள் இலக்கத்தைத்தான் தேடியது. கெலிஓயாவில் உங்களை அடக்கம் செய்து ஒரு வருடம் ஆகப்போகிறது. இலக்கத்தை நான் இன்னும் அழிக்கவில்லை.

படகின் இரு பக்கமும் சம அளவில் ஆட்கள் துடுப்புப் போட வேண்டும் என்பது உங்கள் பிடிவாதம். சவாரிக்கு வருகிறவர்கள் ஒற்றைப்படையில் வந்தால், முதல் நாள் பின்னேரமே பேராதனையில் என் அறைக்கு அழைப்பு வரும். “தம்பி, நாளைக்கு ஒரு ஆள் கொறையுது. துடுப்பு ஈக்கி, போடத் தோள் இல்ல. வாங்களே.” விடிய பஸ் ஏறிவிடுவேன். அந்த அறையில் என்னைத் தேடி வேறு எந்த அழைப்பு வந்தது, என் பத்திரிகையின் செய்தி ஆசிரியருடையதைத் தவிர?

இடப்பக்கம் கடைசி இடம் என்னுடையது. சுழிப்பில் இறங்கும்போதும் இங்கே ஆழம் எவ்வளவு, அந்தக் கல்லுக்கு என்ன பெயர் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். தண்ணீர் பேட்டி கொடுக்காது, துடுப்பைப் போடுங்கள் என்று பின்னாலிருந்து அதட்டுவீர்கள். வெளிநாட்டுக்காரர்கள் பாஷை புரியாமலே சிரிப்பார்கள்.

இப்போது எல்லாவற்றையும் உங்கள் மகள் சஃப்னாதான் நடத்துகிறாள். ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம் பார்க்கப் போயிருந்தேன். அன்றும் ஒரு ஆள் குறைந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டேன். சஃப்னா தயங்கி, அறிவித்தலில் நான் கவனிக்காமல் விட்ட கடைசி வரியைக் காட்டினாள். அறுபது வயது கடந்தவர்களைப் பயணிகளாக ஏற்றக் கூடாதாம். நான் கடந்து கொஞ்சக் காலம்தான் ஆகிறது, நானா.

என் இடத்தில் ஒரு மணல் மூட்டையை வைத்துக் கட்டினார்கள்.

“மூட்டை துடுப்புப் போடுமா?” என்று கேட்டேன்.

“போடாது சாச்சா,” என்றார் உங்கள் மருமகன் ரிஸ்வான். “ஆனா கேள்வியும் கேக்காது.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ரிஸ்வான் பின்னாலிருந்து செலுத்த, படகு வளைவில் மறைந்தது. கரையில், குளிக்க வந்த குடும்பங்கள் சோற்றுப் பார்சல்களைப் பிரித்துக்கொண்டிருந்தன. ஒரு குடும்பம் தங்களைப் படம் எடுத்துத் தரச் சொல்லி போனை என்னிடம் நீட்டியது. எடுத்துக் கொடுத்தேன்.

சஃப்னா தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். முன்பெல்லாம் ஆள் அடிக்கடி குறைந்ததே, மூட்டை வைக்க வாப்பாவுக்குத் தோன்றவில்லையா என்று பேச்சுக்குக் கேட்டேன்.

“ஆள் கொறஞ்சா ரிஸ்வான் ஈந்தாரே சாச்சா. கரையில சும்மாதான் நிண்டாரு. வாப்பாதான், தம்பி அங்க தனிய ஈப்பாரு, அவரக் கூப்புடுவம்னு செல்லுவாங்க.”

கேள்வி கேட்டே பிழைத்தவன் நான். நான் தனியே இருப்பதால்தான் கூப்பிடுகிறீர்களா என்று உங்களிடம் ஒருநாளும் கேட்டதில்லை. நீங்களும் ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லையே, நானா?

வயது விதி பயணிகளுக்குத்தான். அதனால் என்னைப் படகு ஆளாகப் பதிய முடியுமா என்று சஃப்னா எழுதிக் கேட்டிருக்கிறாள். முடிவு இன்னும் வரவில்லை. பாடசாலை விடுமுறை தொடங்கும் முன் சொல்வதாக அலுவலகத்தில் சொல்கிறார்கள்.

அனுமதி கிடைத்தால் அந்த மூட்டையை நானே அவிழ்த்து, மணலை ஆற்றோரம் கொட்டுவேன். கிடைக்காவிட்டாலும் படகு இறங்கும் நாளில் பஸ் ஏறி வருவேன். இனி யாரும் கூப்பிட வேண்டியதில்லை.

உங்கள் இடப்பக்கத்துத் தம்பி