கம்பி ஒலிக்கவில்லை

மில்பரோ, பென்சில்வேனியா
மே 20, 1963

அன்புள்ள வில்மாவுக்கு,

ஐடெல்லா எழுதுகிறேன். நீயும் ரஸ்ஸலும் பெகியும் சுகமாக இருக்க வேண்டும். வழக்கத்துக்காக எழுதும் வரி என்று இதைத் தாண்டிப் போய்விடாதே. ஒரு வாரமாக நான் வேண்டிக்கொண்டிருப்பது இது ஒன்றைத்தான்.

வீட்டுக்கு அனுப்பாமல் நீ சமைக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஏன் அனுப்பினேன் என்று நினைப்பாய். வீட்டுக்கு வந்தால், உறையில் எங்கள் பெயரைப் பார்த்ததும் ரஸ்ஸல் அடுப்பில் போட்டுவிடுவான். என் வீட்டுக்காரர் மெர்ல் அடித்த தந்திக்கு உன் வீட்டுக்காரன் என்ன பதில் போட்டான் தெரியுமா? ஒரு தபால் அட்டை. “பூச்சாண்டி காட்டினா பயப்படற வயசு தாண்டிடுச்சு அண்ணே. துப்பாக்கி வேணும்னா நேரா கேளுங்க, தரமாட்டேன்னு நானும் நேரா சொல்றேன்” என்று எழுதியிருந்தான். உங்கள் ஊர் தீவனக் கடைக்கு போன் போட்டு அவனைக் கூப்பிடச் சொன்னோம். அண்ணன் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டான். அண்ணனும் தம்பியும் முறுக்கிக்கொண்டு நிற்கட்டும். ஓரகத்திகள் நாமாவது பேசிக்கொள்வோம்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். போரில் செத்தவர்களின் நினைவு நாள் ஊர்வலத்தில், உங்கள் வீட்டில் இருக்கும் அந்தப் பழைய துப்பாக்கியை ரஸ்ஸல் சுடக் கூடாது. அதற்குள் வெடிமருந்தும் குண்டும் இருக்கலாம். நூறு வருஷமாக அங்கேயே இருக்கலாம்.

போன செவ்வாய்க்கிழமை டீட்ஸ் என்று ஒரு பெரியவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பழைய பட்டாளத்துத் துப்பாக்கிகளைச் சேகரிப்பவர். வரும் ஜூலையில் உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டைக்கு நூறு வருஷம் ஆகிறதல்லவா, அதில் சண்டை போட்ட எலையஸ் தாத்தாவுடையது என்று எங்கள் வீட்டில் இருக்கும் துப்பாக்கியை ஊர் நூலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கக் கேட்டிருந்தார்கள். அது அசல்தான் என்று தெரிந்தவர் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். மெர்ல் காலையிலேயே சவரம் செய்து டை கட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். என்னைப் பெண் கேட்டு வந்த அன்றுகூட அவர் இத்தனை அலங்காரம் செய்துகொள்ளவில்லை.

டீட்ஸ் துப்பாக்கியின் முத்திரையைப் பார்க்கவில்லை, வருஷத்தைப் பார்க்கவில்லை. குழலுக்கு அடியில் செருகியிருக்குமே, மருந்தைக் கெட்டிக்கும் நீளக் கம்பி, முதலில் அதைத்தான் உருவினார். “எதுவானாலும் இத மொதல்ல பாத்துடணும். காலிக் குழல்னா மணி அடிச்ச மாதிரி கேக்கும்” என்று சொல்லிக்கொண்டே குழல் வாய்க்குள் கம்பியை நழுவ விட்டார். மணி கேட்கவில்லை. மாவு மூட்டையில் விழுந்த மாதிரி தொப்பென்று ஒரு சத்தம். அடி வரைக்கும் இறங்கியிருந்தால் கம்பியின் நுனி குழல் வாயோடு சமமாக நின்றிருக்க வேண்டும். ஒன்றரைச் சாண் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

டீட்ஸ் கம்பியிலிருந்து கையை எடுத்தார். “குழந்தையக் கூட்டிக்கிட்டு வெளிய போங்கம்மா” என்று என்னிடம் மிகவும் மெதுவாகச் சொன்னார். கத்தியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். ஜூனை இழுத்துக்கொண்டு கோழிக் கூண்டு வரைக்கும் ஓடினேன்.

எதற்கு அப்படி ஓடினேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். எங்கள் ஜூன் நடக்கப் பழகிய நாளிலிருந்து அந்தத் துப்பாக்கிதான் அவளுக்கு விளையாட்டுச் சாமான். மெர்ல் சுவரிலிருந்து இறக்கிக் கொடுப்பார். நாற்காலிக் கையில் குழலைச் சாய்த்து, நான் மாவு பிசையும்போது என்னைக் குறிபார்த்து விசையை இழுப்பாள். “அம்மா, நீ செத்துட்ட” என்பாள். நானும் மாவுக் கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவேன். அவள் சிரிக்கட்டும் என்று விழுவேன், வில்மா. போன குளிர்காலத்தில் ஒருநாள் தன் பொம்மைத் துப்பாக்கியின் பொட்டுக் கேப்பைக் கிழித்து, இந்தத் துப்பாக்கியின் சுத்தியலுக்கு அடியில் வைத்து அடித்துவிட்டாள். டப் என்றது. கரி நாற்றம் வந்தது. மேஜை விரிப்பு கருகிவிட்டதே என்று நான் அவளை அடித்தேன். விரிப்புக்காக.

நெருப்பு உள்ளே போகும் ஊசித் துவாரம் துருப்பிடித்து அடைத்துக் கிடந்ததாம். அதனால்தான் நான் உயிரோடு இருந்து இதை எழுதுகிறேன் என்று டீட்ஸ் சொன்னார்.

இப்போது உன் போன கடிதத்துக்கு வருகிறேன். ரஸ்ஸல் ஊர்வலத்துக்காகத் தினமும் சாயங்காலம் கொட்டகையில் உட்கார்ந்து தன் துப்பாக்கியைத் துடைக்கிறான், அடைத்திருந்த துவாரத்தைக்கூட உன் தையல் ஊசியால் குத்திச் சுத்தம் செய்துவிட்டான் என்று பெருமையாக எழுதியிருந்தாய். வெறும் மருந்து போட்டுச் சத்தத்துக்கு ஒரே ஒரு வெடி, பெகி கொடியோடு பக்கத்தில் நடப்பாள் என்றும் எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். எங்களைக் காப்பாற்றியது அப்படி ஒரு துருதான். உங்கள் துப்பாக்கியில் இருந்ததை அவன் ஊசியால் குத்தி எடுத்துவிட்டான்.

காலிக் குழல் என்று நம்பிப் புது மருந்தைக் கொட்டுவான். சுத்தியலுக்கு அடியில் வெடிக் கேப்பைப் பொருத்துவான். அடியில் பழைய குண்டு இருந்தால் அது வெளியே போக வழியில்லாமல் குழலே வெடித்துச் சிதறுமாம். பக்கத்தில் நிற்பவர்களுக்கும் சேர்த்துத்தான் என்றார் டீட்ஸ்.

நம் இரண்டு வீட்டுத் துப்பாக்கியும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. சண்டை ஓய்ந்ததும் எலையஸ் தாத்தாவின் அப்பா வண்டி கட்டிக்கொண்டு போய், காலில் அடிபட்டுக் கிடந்த மகனையும் பக்கத்தில் கிடந்த இரண்டு துப்பாக்கிகளையும் ஏற்றி வந்தார். ஒன்று மகனுடையது. மற்றது மகனுக்குப் பக்கத்தில் நின்று செத்தவனுடையது. நம் மாமனார் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இரண்டுக்கும் எண்ணெய் தேய்ப்பார். வெளியே மட்டும்தான் தேய்த்திருக்கிறார்.

டீட்ஸ் எங்களுடையதைத் தன் பட்டறைக்கு எடுத்துப் போய், நாள்கணக்கில் தண்ணீர் ஊற்றி ஊறப் போட்டு, திருகு வைத்த கம்பியால் உள்ளே இருந்ததை இழுத்தார். வெள்ளிக்கிழமை வந்து கைக்குட்டையை என் சமையல் மேஜையில் விரித்தார். ஒரு குண்டு இருக்கும் என்று நினைத்தோம். ஆறு இருந்தன. ஒன்றின்மேல் ஒன்றாக ஆறு தடவை கெட்டித்திருக்கிறார்கள். ஒன்றுகூட வெளியே போகவில்லை.

மெர்ல் உடனே என்ன சொன்னார் தெரியுமா? “அப்ப இது தாத்தாவோடது இல்ல. ரஸ்ஸல்கிட்ட இருக்கறதுதான் தாத்தாவோடது” என்றார். எது அசல் என்று ஒன்பது வருஷம் தம்பியோடு பேச்சை அறுத்துக்கொண்ட மனிதர், ஒரே நொடியில் கட்சி மாறிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்திருக்கும், அழுகை முந்திக்கொண்டது. டீட்ஸ் துப்பாக்கிக் கட்டையின் அடிப்பக்கத்துப் பித்தளைத் தகட்டைக் கழற்றிக் காட்டினார். உள்ளே தாத்தாவின் பெயரின் முதல் எழுத்துகள் கத்தியால் கீறியிருந்தன.

அன்றிலிருந்து மெர்ல் கடைக்குப் போகிறார், வருகிறார், சாப்பிடுகிறார். பேச்சு இல்லை. நூலகத்தில் மழை ஓயட்டும் என்று சாக்குச் சொல்லியிருக்கிறார். மலைமேல் நின்று எலையஸ் குங்கெல் எத்தனை பேரைச் சுட்டு வீழ்த்தினார் என்று இந்த ஊரில் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். டீட்ஸ் நல்ல மனிதர். “வெக்கப்பட இதுல ஒண்ணும் இல்லைங்க. அங்க பொறுக்கின துப்பாக்கி ஆயிரக்கணக்குல இப்படித்தான் இருந்துச்சு. பக்கத்துல ஆளு விழறான், புகை, சத்தம். கை பழக்கத்துல மருந்தப் போடும், குண்டப் போடும், இடிக்கும். கடைசி வேலைக்கு மட்டும் கை வராது” என்றார்.

அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு ரஸ்ஸல் ஞாபகம் வந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்திருக்கிறேன்.

உங்களுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பு, அவன் கொரியாச் சண்டையிலிருந்து வந்த கோடை. ஜூலை நாலாம் தேதி, சுதந்திர நாள். தெருவில் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. உருளைக்கிழங்கு எடுக்க உள்ளே வந்தேன். என் கொழுந்தன், ஆறடி உயரத்து ஆள், சமையல் மேஜைக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நானும் கீழே உட்கார்ந்தேன். “அண்ணன்கிட்ட சொல்லாதீங்க அண்ணி” என்றான். சொல்லமாட்டேன் என்றேன். பிறகு, “அன்னிக்கு எனக்குக் கை வரல அண்ணி” என்றான். என்றைக்கு, என்ன என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. மெர்லுக்கு இன்றுவரை தெரியாது.

தூக்கத்தில் கத்துகிறான் என்று நீ ஒருமுறை எழுதினாய். பட்டாசுக்கே மேஜைக்கு அடியில் போனவன் ஊர் முன்னால் நின்று துப்பாக்கி சுடுகிறேன் என்கிறான் என்றால், யாருக்கு எதை நிரூபிக்கப் பார்க்கிறான் என்று உனக்கும் தெரியும். அதனால் “சுடாதே” என்று நீ சொன்னால் அவன் கேட்கமாட்டான். கோழை என்று சொன்னதாக எடுத்துக்கொள்வான். சண்டை போடாதே.

இந்த உறைக்குள் துணியில் சுற்றி ஒரு குண்டு வைத்திருக்கிறேன். தாத்தாவின் ஆறில் ஒன்று. மருந்தெல்லாம் கழுவிய வெறும் ஈயம், பயப்படாதே. சுட்ட குண்டு நசுங்கிப் போயிருக்குமாம். இதைப் பார், டீட்ஸின் திருகு துளைத்த ஓட்டை தவிர வார்த்தபடியே இருக்கிறது. பெகி தூங்கப் போன பிறகு அவன் உள்ளங்கையில் வை. “எலையஸ் தாத்தாவுக்கும் கை வரலையாம்” என்று மட்டும் சொல். பிறகு எவ்வளவு நேரமானாலும் நீ வாயைத் திறக்காதே.

அவனாகவே கம்பியை எடுப்பான் என்று நினைக்கிறேன். எடுத்தால் நீ குழந்தையோடு தள்ளி நில். குழல் வாய்க்கு நேராக அவன் முகத்தைக் கொண்டுபோக வேண்டாம். மணி கேட்டால் காலி. கேட்காவிட்டால் அப்படியே கீழே வைத்துவிட்டு, தெரிந்தவர் ஒருவரை அழைத்து வரச் சொல். அவன் எடுக்கவில்லையென்றால், மற்றதை நீதான் செய்ய வேண்டும். அவன் மாட்டைப் பார்க்கப் போன நேரத்தில் குழல் நிறையத் தண்ணீர் ஊற்றிவிடு. துருப்பிடித்துவிடும், மதிப்புப் போய்விடும் என்று குதிப்பான். குதிக்கட்டும். அண்ணிதான் ஊற்றச் சொன்னாள் என்று சொல்லிவிடு. அவன் என்னோடும் பேச்சை நிறுத்திக்கொள்ளட்டும், எனக்குச் சம்மதம்.

மெர்லின் முட்டி வலி பரவாயில்லை. ஜூனுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. கணப்புக்கு மேலே சுவரில் துப்பாக்கி இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிகிறது. அவள் அதைப் பார்த்து எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். முப்பதாம் தேதி காலை நான் எங்கள் ஊர்வலத்துக்குப் போகமாட்டேன். தந்தி ஆபீஸ் வாசலில் நிற்பேன். ஒரு வார்த்தை அனுப்பு. மணி கேட்டாலும் அனுப்பு, கேட்காவிட்டாலும் அனுப்பு.

கடவுள் உங்கள் மூன்று பேரையும் காப்பாற்றட்டும். எலையஸ் தாத்தாவைக் கொண்டுவந்து சேர்த்ததுபோல, ரஸ்ஸலையும் ஒரு குண்டும் சுடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அக்காளாக,
ஐடெல்லா