பாதியில் நிற்கும் புல்வெட்டி வண்டி

ஜூன் 3, செவ்வாய்

வண்டி இன்றும் நின்றுவிட்டது. மைதானத்தின் நட்டநடுவில். ஓடும்போது ரதத்தில் போகிற மாதிரிதான் இருக்கும். நின்றுபோனால் மேலே உட்கார்ந்திருப்பவள் கதி? பயிற்சிக்கு வந்த கால்பந்துப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து தள்ளினார்கள். அசையவில்லை. "அக்கா, பிரேக்கை எடுத்தீங்களா?" என்றாள் கோல்கீப்பர்.

எடுக்கவில்லை.

கிளப் செயலாளர் ஷெட்டுக்கே வந்துவிட்டார். "சனிக்கிழமை மேட்ச்மா. அதுக்குள்ள ஓடலேன்னா புல் வெட்டுறதை வெளியாளுக்குத்தான் விடணும். அப்புறம் வண்டியும் வேண்டாம், ஷெட்டும் வேண்டாம்." நானும் வேண்டாம் என்பதை மட்டும் சொல்லவில்லை. நல்ல மனிதர்.

ஜூன் 4, புதன்

பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினேன். ஃபில்டர் மாற்றியாயிற்று. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினேன். சமர்த்தாகக் கிளம்பியது. பாட்டுப் பாடிக்கொண்டே கோல்போஸ்ட் வரை போனேன். அங்கே ஒரு இருமல், ஒரு விக்கல் - நின்றது. கொஞ்ச நேரம் சும்மா விட்டால் மறுபடி கிளம்புகிறது! என்னதான் வேண்டுமாம் இதற்கு? ஓய்வா?

வீட்டில் இவர், "புதுசாட்டம் மின்னுது, அதைப் போய்த் திட்றியே" என்கிறார். பெயின்டர் அல்லவா. போன வாரம் என் பிறந்தநாளுக்கு, என்னிடம் மூச்சு விடாமல், வண்டிக்குப் பச்சை அடித்து நிறுத்தியிருந்தார். அழகுதான். அழகு ஓட வேண்டாமா?

ஜூன் 5, வியாழன்

கார்புரேட்டரையே மாற்று என்கிறார் உதிரிபாகக் கடைக்காரர். வர அடுத்த வாரம் ஆகுமாம். போச்சு.

ஜூன் 6, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்!

இந்த வண்டியில் டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே. பெட்ரோல் தானாக இறங்கியாக வேண்டும். இறங்குகிறதா? குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டேன். முதலில் மளமளவென்று வந்தது. பிறகு நூல் மாதிரி. பிறகு சொட்டு. பிறகு அதுவும் இல்லை. டேங்க்கில் பாதிக்கு மேல் இருக்கிறதே! எட்டிப் பார்க்க மூடியைத் திருகினேன் - புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. உடனே குழாயில் பெட்ரோல் பாய்ந்து என் கையெல்லாம் நனைந்தது.

பெட்ரோல் இறங்க இறங்கக் காற்று உள்ளே போக மூடியில் ஊசிமுனை அளவு ஓட்டை உண்டு. தேடினேன். காணோம். அந்த இடத்தில் வழவழவென்று, பளபளவென்று, பச்சை.

இவருக்குப் போன் போட்டேன். "பெட்ரோல் மூடிக்குமா அடிச்சீங்க?"

"ரெண்டு கோட்டு" என்றார் பெருமையாக.

ஓட்டை அடைத்துக்கொண்டதைச் சொன்னேன். "என்னால உன் வேலை போயிருக்குமா?" என்றார். அதுவரை அடக்கிக்கொண்டிருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"விடுங்க. இவ்வளவு அழகா நின்ன வண்டி வேற எங்கயும் இருக்காது."

தின்னரும் ஊசியும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் பறந்து வந்தார். ஓட்டையைக் குத்தித் திறந்து, மூடியை ஊதி ஊதிப் பார்த்தார். பொழுது சாயும்வரை வெட்டினேன். ஒரு விக்கல்கூட இல்லை. என்ன கோளாறு என்று செயலாளர் கேட்டார். "காத்து அடைப்பு சார்." பொய்யில்லையே?

ஜூன் 7, சனி

தோற்றுவிட்டோம். "தரை சூப்பர்க்கா, நாங்கதான் சொதப்பிட்டோம்" என்றாள் கோல்கீப்பர். அழுதுகொண்டே சொன்னாள், தங்கம்.

ஜூன் 16, திங்கள்

பக்கத்து கிளப்பில் வண்டி கிளம்பவே மாட்டேன் என்கிறதாம். செயலாளர் என்னை அனுப்பினார். டேங்க்குக்கு அடியில் இருக்கும் பெட்ரோல் வால்வை யாரோ மூடி வைத்திருக்கிறார்கள். திறந்தேன், கிளம்பியது. அவ்வளவுதான் என்று எழுந்திருக்க மனம் வருமா? ஃபில்டரையும் மாற்றி, கை நன்றாகக் கறுத்த பிறகே எழுந்தேன்.

அந்த மைதானத்தையும் என்னையே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். வீடு வரும்வரை பேன்ட் பாக்கெட்டில் இரண்டு ஷெட்டின் சாவிகளும் கலகலத்துக்கொண்டே வந்தன. பாக்கெட் கிழியப்போகிறது. கிழியட்டும்.